பத்துப் பவுண்டும் பத்துப் பென்ஸும்: குடியேறிய இரண்டு சமூகங்களை ஒப்பிடுவது எப்படி?

2018-ஆம் ஆண்டில் பிரிட்டனில் வேலை பார்த்த பாகிஸ்தானிய வம்சாவளியினரின் இடைநிலை ஊதியம் மணிக்கு 10 பவுண்டு. வங்கதேச வம்சாவளியினருக்கு 9 பவுண்டு 60 பென்ஸ் (நூறு பென்ஸ் சேர்ந்தால் ஒரு பவுண்டு). அந்நாட்டுத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட எண்கள் இவை. அதே ஆண்டில் வெள்ளை பிரிட்டிஷார் மணிக்கு 12 பவுண்டுக்குச் சற்று மேல் பெற்றார்கள். இந்த இரண்டு சமூகங்களும் பெரும்பான்மையினரைவிடக் குறைவாகச் சம்பாதிக்கின்றன, தங்களுக்குள் ஏறக்குறைய ஒரே படியில் நிற்கின்றன என்றுதான் இதைப் பார்ப்பவருக்குத் தோன்றும்.

இப்போது இன்னொரு கணக்கு. 2020-ல் ரன்னிமீட் டிரஸ்ட் என்ற ஆய்வு அமைப்பு, ஊதியத்தை விட்டுவிட்டுச் சொத்தைப் பார்த்தது. வெள்ளை பிரிட்டிஷ் குடும்பத்திடம் ஒரு பவுண்டு சொத்து இருக்கிறது என்றால், பாகிஸ்தானியக் குடும்பத்திடம் சுமார் 50 பென்ஸ் இருக்கிறது. வங்கதேசக் குடும்பத்திடம் சுமார் 10 பென்ஸ்.

மணிக்கு 40 பென்ஸ் என்ற வித்தியாசம் எப்படி ஐந்து மடங்கு வித்தியாசமாகப் பெருத்தது? குடியேறிய சமூகங்களின் பொருளாதார நிலையை ஒப்பிடக் கற்றுக்கொள்ள விரும்பும் ஒருவருக்கு இதைவிட நல்ல தொடக்கக் கேள்வியை என்னால் தர முடியாது. இந்த இரண்டு சமூகங்களை நான் தேர்ந்தெடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1971 வரை இரண்டும் ஒரே நாடு. இரண்டிலும் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். இரண்டிலும் பெரும்பகுதியினர் குறிப்பிட்ட ஒரு வட்டாரத்தின் கிராமங்களிலிருந்து கிளம்பி வந்தவர்கள். பிரிட்டனின் வேலைவாய்ப்புப் புள்ளிவிவரங்கள் பலவற்றில் இன்றும் "பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர்" என்று இருவரையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்துவிடுகிறார்கள். ஒரே கட்டத்தில் இருப்பவர்கள் ஒரே வாழ்க்கை வாழ்வதில்லை என்பதைக் காட்ட இவர்களைவிடப் பொருத்தமான இணை கிடைக்காது.

முதலில், யாரை எண்ணுகிறோம்?

"குடியேறிய சமூகம்" என்று சொன்னதும் விமானத்திலோ கப்பலிலோ வந்து இறங்கியவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாகிஸ்தானியர் சுமார் 15 லட்சத்து 88 ஆயிரம் பேர், வங்கதேசத்தவர் சுமார் 6 லட்சத்து 45 ஆயிரம் பேர். இரண்டு சமூகங்களிலும் பாதிக்கும் மேற்பட்டோர் பிரிட்டனிலேயே பிறந்தவர்கள். வெளிநாட்டில் பிறந்தவர்களை மட்டும் எடுத்தால் ஒரு விடை வரும். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் சேர்த்தால் வேறு விடை வரும். எந்த ஒப்பீட்டைப் படித்தாலும் முதலில் இதைத் தேடிப் பாருங்கள். பிரிட்டனில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனக்குழுவைக் கேட்கத் தொடங்கியதே 1991-ல்தான். அதற்கு முந்தைய கணக்குகளில் பிறந்த நாட்டை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

வயதும் முக்கியம். 2011 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் மக்களின் இடைநிலை வயது 39. இந்த இரண்டு சமூகங்களிலும் அது 25-ஐ ஒட்டியே இருந்தது. இளையவர்கள் மிகுந்த சமூகத்தில் ஊதியமும் சேமிப்பும் குறைவாகவே இருக்கும். வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டு ஆனவரை முப்பது ஆண்டு ஆனவரோடு நிறுத்தி ஒப்பிடுவது நியாயமில்லை.

சராசரி ஏமாற்றும் இடம்

இதுவரை "இடைநிலை" என்ற சொல்லை இரண்டு முறை சொல்லிவிட்டேன். எல்லோரையும் வருமான வரிசையில் நிற்க வைத்து, சரியாக நடுவில் நிற்பவரைக் கேட்பதுதான் இடைநிலை. மொத்தத்தையும் கூட்டித் தலைக்கு வகுப்பது சராசரி. வரிசையின் கடைசியில் ஒரு கோடீஸ்வரர் வந்து சேர்ந்தால் சராசரி துள்ளிக் குதிக்கும், ஆனால் நடுவில் நிற்பவரின் பையில் ஒரு பைசாகூடக் கூடியிருக்காது.

லண்டனின் கிழக்கே டவர் ஹாம்லெட்ஸ் என்ற பகுதி இருக்கிறது. பிரிட்டனில் வங்கதேசத்தவர் மிக அதிகமாக வாழும் இடம் அதுதான். 2021-ல் அங்கு வசித்தவர்களில் மூன்றில் ஒருவருக்கும் சற்று அதிகமானோர் அவர்கள். வங்கிகளின் கோபுரங்கள் எழுந்து நிற்கும் கேனரி வார்ஃப் இருப்பதும் அதே பகுதிக்குள்தான். அங்கே பணிபுரிபவர்களின் ஊதியம் நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. அங்கே வசிக்கும் குழந்தைகளின் வறுமையும் நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. காலையில் ரயிலில் வந்து மாலையில் திரும்பிப் போகிறவரின் சம்பளத்தை அங்கே தூங்கி எழுபவரின் கணக்கில் எழுதினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஊதியக் கணக்கில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. நான் முதலில் சொன்ன மணிக்கணக்கு ஊதியம், சம்பளத்துக்கு வேலை செய்பவர்களை மட்டுமே பற்றியது. பாகிஸ்தானிய ஆண்களில் பெரிய பங்கினர் டாக்சி ஓட்டுகிறார்கள். அது சுயதொழில், எனவே அந்த 10 பவுண்டில் அவர்கள் இல்லை. சொந்தமாக உணவகம் நடத்தும் வங்கதேசத்தவரும் 9 பவுண்டு 60 பென்ஸில் இல்லை. வேலைக்கே போகாதவர்கள் இரண்டிலுமே இல்லை. 2019-ஐ ஒட்டிய கணக்குகளில், இந்த இரண்டு சமூகங்களையும் சேர்த்துப் பார்த்தால், உழைக்கும் வயதுப் பெண்களில் பத்தில் நான்கு பேர் அளவுக்குத்தான் வேலையில் இருந்தார்கள். ஒருவர் சம்பாதித்து ஆறு பேர் சாப்பிடும் வீட்டை மணிக்கூலி காட்டாது.

வீட்டுக்குள் எத்தனை பேர்?

அதனால்தான் பொருளியலாளர்கள் தனிநபர் ஊதியத்தோடு நின்றுவிடாமல் குடும்ப வருமானத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் குடும்பங்கள் ஒரே அளவில் இருப்பதில்லை. இருவர் வாழும் வீட்டையும் ஆறு பேர் வாழும் வீட்டையும் ஒப்பிட, பரவலாகப் பயன்படும் ஓர் எளிய வழி உண்டு. முதல் பெரியவருக்கு 1 புள்ளி. 14 வயதும் அதற்கு மேலும் உள்ள மற்ற ஒவ்வொருவருக்கும் 0.5. அதற்குக் கீழே உள்ள குழந்தைக்கு 0.3. ஆறு பேருக்குச் சமைக்க ஆறு அடுப்பு தேவையில்லை என்பதால்தான் பின்னால் வருபவர்களுக்குப் புள்ளி குறைகிறது.

கணவன், மனைவி, 14 வயதைத் தாண்டிய இரண்டு பிள்ளைகள், சிறு குழந்தைகள் இருவர் என்று ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். புள்ளிகள் 3.1. மாத வருமானம் 3,100 பவுண்டு என்றால், சமப்படுத்திய வருமானம் 1,000 பவுண்டு. பிள்ளைகள் இல்லாத தம்பதிக்கு 1.5 புள்ளி. அவர்கள் வீட்டுக்கு 2,100 பவுண்டுதான் வருகிறது என்றாலும் சமப்படுத்தினால் 1,400. சம்பள ரசீதில் பெரிய தொகை வாங்கும் வீடுதான் உண்மையில் நெருக்கடியில் இருக்கிறது. இந்தப் படியைத் தாண்டாமல் செய்யப்படும் ஒப்பீடுகளை நான் நம்புவதில்லை.

அடுத்தது வாடகை. சமப்படுத்திய வருமானம் நாட்டின் இடைநிலையில் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அந்தக் குடும்பம் வறுமையில் இருப்பதாகப் பிரிட்டனில் கொள்கிறார்கள். இதையே வீட்டுச் செலவைக் கழிப்பதற்கு முன் ஒரு முறை, கழித்த பின் ஒரு முறை என்று இரண்டு விதமாக வெளியிடுகிறார்கள். இது வெறும் நுணுக்கம் அல்ல. வங்கதேசத்தவரில் பாதிப்பேர் லண்டனில் வாழ்கிறார்கள். பாகிஸ்தானியரில் லண்டனில் இருப்பவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. மற்றவர்கள் பர்மிங்காம், பிராட்போர்டு, மான்செஸ்டர் போன்ற நகரங்களில் பரவியிருக்கிறார்கள். பிராட்போர்டில் ஒரு வீட்டுக்கு ஆகும் சராசரி விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வேண்டும், டவர் ஹாம்லெட்ஸில் ஒரு வீடு வாங்க. ஒரே சம்பளம் இரண்டு ஊர்களில் இரண்டு வாழ்க்கை என்பது இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது.

50 பென்ஸ் எங்கிருந்து வந்தது?

வருமானம் குழாயில் வரும் தண்ணீர். சொத்து தொட்டியில் நிற்கும் தண்ணீர். குழாயை இன்று பார்த்தாலே போதும். தொட்டியைப் புரிந்துகொள்ள, யார் எப்போது அதைக் கட்டினார்கள், என்ன விலைக்குக் கட்டினார்கள் என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

1960-களில் ஜீலம் ஆற்றின் குறுக்கே மங்களா அணை கட்டப்பட்டது. 1967-ல் வேலை முடிந்தது. பிரிட்டன் பாகிஸ்தானியரில் பெரும்பகுதியினரின் சொந்த மண்ணான, பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரின் மீர்ப்பூர் வட்டாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிலத்தையும் வீட்டையும் நீருக்குக் கொடுத்தார்கள். அவர்களில் பலர் பிரிட்டனுக்குக் கிளம்பினார்கள். அங்கே வடக்கு நகரங்களின் துணி ஆலைகளுக்கு இரவு நேரத்தில் இயந்திரம் ஓட்ட ஆள் தேவைப்பட்டது. பிராட்போர்டின் கம்பளி ஆலைகளில் இரவு ஷிப்டு பெரும்பாலும் இவர்கள் கையில் போனது.

தங்க இடம் வேண்டுமே. வாடகைக்கு விட மறுப்பது அப்போது சட்டப்படி குற்றமல்ல. வீடு தருவதிலும் வேலை தருவதிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968-ல்தான் வந்தது. அரசு வீட்டுக்கு வரிசையில் காத்திருக்கப் பல ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். வங்கிகள் கடன் தரத் தயங்கின. எஞ்சிய வழி ஒன்றுதான். சுவரோடு சுவர் ஒட்டி, பழுதாகி, யாரும் வாங்க விரும்பாமல் கிடந்த வரிசை வீடுகளைக் கையிருப்புப் பணம் கொடுத்து வாங்கினார்கள். உறவினர்களும் ஊர்க்காரர்களும் கூடி "கமிட்டி" என்று அவர்கள் அழைக்கும் சீட்டுப் பிடித்துப் பணம் திரட்டினார்கள். ஒரு வீட்டில் பல ஆண்கள் ஷிப்டு மாற்றி ஷிப்டு தூங்கினார்கள். பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, வேலை போனது. வீடு மட்டும் நின்றது. அவமதிப்பால் திணிக்கப்பட்ட ஒரு முடிவு, ஐம்பது ஆண்டுக்குப் பிறகு "50 பென்ஸ்" என்று அட்டவணையில் வந்து நிற்கிறது. இதை எப்போது படித்தாலும் மனம் கனத்துப்போகிறது.

பிரிட்டன் வங்கதேசத்தவரில் பெரும்பாலோர் வந்தது வங்கதேசத்தின் சில்ஹெட் வட்டாரத்திலிருந்து. இந்தச் சில்ஹெட்டுக்காரர்களின் வழி வேறு. பிரிட்டிஷ் நீராவிக் கப்பல்களின் இயந்திர அறையிலும் சமையலறையிலும் வேலை பார்த்த மாலுமிகள், லண்டன் துறைமுகத்தில் இறங்கிக் கிழக்கு லண்டனில் தங்கினார்கள். பின்னால் வந்தவர்கள் தையல் கூடங்களிலும், "இந்திய உணவகம்" என்று பெயர்ப் பலகை தொங்கும், உண்மையில் சில்ஹெட்டுக்காரர்கள் நடத்தும் கடைகளிலும் சேர்ந்தார்கள். முக்கியமானது இதுதான்: மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தது பெரும்பாலும் 1970-களின் இறுதியிலும் 1980-களின் தொடக்கத்திலும். 1982 ஜனவரியில் பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. ஆலை வேலைக் காலம் முடிந்த பிறகு, வீட்டு விலை உயரத் தொடங்கிய லண்டனில், பெரிய குடும்பத்தோடு வந்து நின்றார்கள்.

கிழக்கு லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் காலியாகக் கிடந்த கட்டடங்களில் வங்காளிக் குடும்பங்கள் பூட்டை உடைத்துக் குடியேறின. 1976-ல் அதற்காகவே ஓர் அமைப்பு உருவானது. 1978 மே 4 அன்று, தையல் கூடத்தில் வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த அல்தாப் அலி என்ற இளைஞர் இனவெறித் தாக்குதலில் கொல்லப்பட்டார். பத்து நாட்களில் ஆயிரக்கணக்கானோர் அவருடைய சவப்பெட்டியின் பின்னால் பிரதமர் இல்லம் வரை நடந்தார்கள். இதைப் பொருளாதாரக் கட்டுரையில் ஏன் சொல்கிறேன் என்று கேட்கலாம். அடி விழாத தெருவில்தான் குடும்பத்தை வைக்க முடியும் என்ற நிலையில், மலிவான வீட்டைத் தேடி வேறு பகுதிக்குப் போவது யாருக்கும் சுலபமில்லை. தெருவில் இருந்த பயமும் சேர்ந்துதான் அந்தக் குடும்பங்களின் வீட்டுக் கணக்கை எழுதியது. கடைசியில் நகராட்சி நிர்வாகங்கள் வாடகைக்கு வீடு கொடுத்தன. கூரை கிடைத்தது, ஆனால் அது சொத்து ஆகவில்லை.

வட்டிக்குக் கடன் வாங்க மதம் தடுப்பதால்தான் வங்கதேசத்தவர் வீடு வாங்கவில்லை என்று ஒரு விளக்கம் அவ்வப்போது வரும். அப்படியானால் அதே மதத்தைச் சேர்ந்த பாகிஸ்தானியர் எப்படி வாங்கினார்கள்? இரண்டு சமூகங்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதன் பெரிய பயன் இதுதான். பண்பாடு, பழக்கம் என்று கையில் கிடைத்ததைக் காரணமாகச் சொல்பவரை அது நிறுத்திக் கேள்வி கேட்கிறது.

இடைநிலை விழும் பள்ளம்

இப்போது அந்த ஐந்து மடங்குக்கு வருவோம். 2016 முதல் 2018 வரையிலான அரசுக் கணக்கில், வெள்ளை பிரிட்டிஷ் குடும்பங்களில் 68 விழுக்காடு சொந்த வீட்டில் வாழ்ந்தன. பாகிஸ்தானியக் குடும்பங்களில் 58 விழுக்காடு, வங்கதேசக் குடும்பங்களில் 46 விழுக்காடு. 58-க்கும் 46-க்கும் வித்தியாசம் உண்டுதான், ஆனால் ஐந்து மடங்கு இல்லை.

மறுபடியும் எல்லோரையும் வரிசையில் நிறுத்துங்கள். 58 பேருக்கு வீடு இருக்கும் வரிசையில் நடுவில் நிற்பவர் வீட்டுக்காரர். 46 பேருக்கு வீடு இருக்கும் வரிசையில் நடுவில் நிற்பவர் வாடகைக்காரர். அவரிடம் ஒரு காரும், கொஞ்சம் சேமிப்பும், ஒருவேளை சிறிய ஓய்வூதியப் பங்கும் இருக்கும். வீடு எனும் பெரிய சொத்து இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் நடுவே மெல்லிய சரிவு கிடையாது, செங்குத்துப் பள்ளம்தான். பாதி என்ற கோட்டைச் சில விழுக்காட்டில் தவறவிட்டாலே இடைநிலை அந்தப் பள்ளத்தில் விழுந்துவிடும். 2020-ல் ரெசல்யூஷன் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பு இடைநிலையைக் கணக்கிட்டபோது, குடும்பச் சொத்து பெரியவர் ஒருவருக்கு வெள்ளை பிரிட்டிஷாரிடம் 1,97,000 பவுண்டு, வங்கதேசத்தவரிடம் 31,000 பவுண்டு என்று வந்தது. எண் பொய் சொல்லவில்லை. ஆனால் வங்கதேசத்தவர் எல்லோரும் அந்த 31,000-க்கு அருகில் குவிந்திருக்கிறார்கள் என்று படிப்பவர் நினைத்தால் அது பிழை. ஏறக்குறைய பாதிப்பேர் வீட்டோடு மேலே இருக்கிறார்கள், மறுபாதி வீடில்லாமல் கீழே.

வருகிற காலத்தைப் பொறுத்த சிக்கல் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 1978-ல் அமெரிக்கப் பொருளியலாளர் பேரி சிஸ்விக், குடியேறியவர்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உள்நாட்டவரின் ஊதியத்தை எட்டிப் பிடித்துத் தாண்டுகிறார்கள் என்று காட்டினார். 1985-ல் ஜார்ஜ் போர்ஹாஸ் அதை மறுத்தார். நீண்டகாலம் முன் வந்தவர்களையும் அண்மையில் வந்தவர்களையும் ஒரே ஆண்டில் எடுத்த கணக்கில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முன்பு வந்தவர்கள் தொடக்கத்திலேயே வேறு வகையினராக இருந்திருக்கலாம் அல்லவா என்பது அவர் கேள்வி. ஒரு நிழற்படத்தைப் பார்த்துவிட்டு ஓட்டத்தின் வேகத்தைச் சொல்ல முடியாது. முந்தி வந்த பாகிஸ்தானியரின் இன்றைய நிலைதான் பிந்தி வந்த வங்கதேசத்தவரின் நாளைய நிலை என்று கோடு போட்டுவிடக் கூடாது.

உண்மையில் கோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது. 1990-களின் இறுதியில் இங்கிலாந்தின் 149 கல்வி நிர்வாகங்களில் டவர் ஹாம்லெட்ஸ் 149-ஆவது இடத்தில் இருந்தது. இன்று 16 வயதுத் தேர்வுகளில் வங்கதேச மாணவர்கள் வெள்ளை பிரிட்டிஷ் மாணவர்களின் சராசரியைத் தாண்டி நிற்கிறார்கள், பாகிஸ்தானிய மாணவர்களையும் தாண்டி. எந்த லண்டன் இவர்களின் பெற்றோருக்கு வீடு தராமல் வைத்திருந்ததோ, அதே லண்டனின் பள்ளிகள் இவர்களை மேலே தூக்கின. ஊதியத்திலும் வெள்ளை பிரிட்டிஷாரோடு உள்ள இடைவெளி, மூத்தவர்களுக்கு இருப்பதைவிட இளையவர்களுக்குக் குறைவு. ஆனால் வீடு வாங்க முதல் தவணைப் பணம் வேண்டும், அதை மதிப்பெண் தராது.

ஊருக்கு அனுப்பிய பணமும் இந்தக் கணக்கின் ஓரத்தில் நிற்கிறது. மீர்ப்பூரிலும் சில்ஹெட்டிலும் பிரிட்டன் பணத்தில் எழுந்த பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பிரிட்டனில் குடியேறியவர்களைச் சில்ஹெட்டில் "லண்டனி" என்றே அழைக்கிறார்கள். அந்த மாளிகைகளுக்கு என்ன விலை போடுவது? விற்க மாட்டார்கள், வாழவும் போவதில்லை. பிரிட்டனில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு அங்கே மூன்று மாடி கட்டியவரை ஏழை என்பதா என்று கேட்டால், இரண்டு நாட்டுக்கும் ஒரே அளவுகோல் போதாது என்றுதான் சொல்வேன்.

பாகிஸ்தானியரின் 50 பென்ஸையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பிராட்போர்டில் தாத்தா வாங்கிய வரிசை வீடு கடனில்லாமல் நிற்கிறது, சரி. அதற்கு வாரிசுகள் நான்கு பேர் என்றால், விலை மெதுவாக உயரும் ஊரில் ஒரு வீட்டின் கால் பங்குதான் ஒவ்வொருவருக்கும். மாறாக, 1980-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் அரசு வீட்டில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு அதைத் தள்ளுபடி விலையில் வாங்கும் உரிமை கொடுத்தது. ஒரே கிராமத்திலிருந்து வந்து, கிழக்கு லண்டனில் ஒரே மாடியில் எதிரெதிர் வீட்டில் குடியிருந்த இரண்டு குடும்பங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் கடன் கிடைத்தது, வாங்கிவிட்டார். மற்றவர் உணவகத்தில் ரொக்கமாகக் கூலி வாங்கியவர், காட்டச் சம்பள ரசீது இல்லை, வாடகையிலேயே இருந்துவிட்டார். முதலாமவரின் பிள்ளைகளிடம் இன்று பல லட்சம் பவுண்டு மதிப்புள்ள வீடு இருக்கிறது. இரண்டாமவரின் பிள்ளைகள் பட்டம் பெற்று, நல்ல வேலையில் சேர்ந்து, சம்பளத்தில் பெரும்பகுதியை வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த 10 பென்ஸ் என்ற எண்ணுக்குள் இரண்டு குடும்பங்களும் இருக்கின்றன.